ஆறாம் நம்பர் பெட்டிக்கு ஐந்தாம் பதிப்பு

கணினி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஓர் அட்டவணை தருவார்கள். அதில் மூன்று கட்டம் இருக்கும். கணினியில் எந்தச் சிஸ்டம் இருக்கிறது, அதன் மேல் வேர்ச்சுவல் மெஷின் புரோகிராமின் எந்தப் பதிப்பு ஓடும், அந்தப் புரோகிராமுக்கு உள்ளே விருந்தாளியாக எந்தச் சிஸ்டத்தை ஏற்றலாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நீங்கள் படித்த பிள்ளைகள், அரை மணித்தியாலத்தில் அதை விளங்கிக்கொள்வீர்கள். அதைச் சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. அட்டவணையில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் இருந்தும் நாங்கள் எப்படிப் பிழைவிட்டோம் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதிதாகச் சேரும் உங்களிடம் நேரில் வந்து பேசச் சொல்லித்தான் நிலையத்தார் கேட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். முழங்கால் போகும்வரை மலையேறினேன். அதற்குப் பிறகு வீட்டில் சும்மா இருந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவில், அதுதான் வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற கட்டடத்தில், கணினி நிலையம் திறந்தார்கள். கூட்டித் துடைக்க, கதவு திறக்க, தேத்தண்ணி ஊற்ற ஓர் ஆள் கேட்டார்கள். போனேன். கணினியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்பதுதான் நான் படித்த முதல் பாடம். துடைத்த பிறகுதான் படித்தேன்.

அங்கே படிப்பித்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொட்டகலையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். என் இளைய மகளைவிட வயது குறைவு. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மிஸ் என்பேன். நான் துடைக்கும்போது ஓரக்கண்ணால் திரையைப் பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, ஒருநாள் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். எங்களிடம் இருந்தது பன்னிரண்டு கணினி. அதில் நாலு பழசு, எட்டு கொஞ்சம் புதுசு. எல்லாம் யார் யாரோ அன்பளிப்பாகத் தந்தவை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிச் சிஸ்டத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கணினிக்கு உள்ளேயும் இன்னொரு கணினி இருப்பது போல ஒரு புரோகிராம் போட்டிருந்தார்கள். வெளியே இருக்கிற சிஸ்டம் வீட்டுக்காரர், உள்ளே வருகிறது விருந்தாளி என்று மிஸ் விளக்கினார். பழைய நாலு வீட்டுக்காரருக்கும் அந்தப் புரோகிராமின் ஐந்தாம் பதிப்புதான் ஒத்துவரும். அதற்குள்ளே சின்ன விருந்தாளி மட்டும்தான் தங்கும். புதிய எட்டுக்கும் ஏழாம் பதிப்பு. அதற்குள்ளே பெரிய விருந்தாளி.

எனக்கு அது உடனே விளங்கிற்று. தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு யாருக்கு எந்த மலை என்று பிரிப்பார்கள். பிள்ளை பெற்று மூன்று மாதமானவளை உச்சி மலைக்கு அனுப்பினால் அவளும் வரமாட்டாள், கொழுந்தும் வராது. இந்தப் பன்னிரண்டு பெட்டிக்கும் பெரட்டுப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று மெல்லக் கேட்டேன். மிஸ் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு ஒரு கொப்பியைத் தந்து, அந்தப் பெரட்டை நீங்களே எழுதி வையுங்கோ என்றார்.

அப்படித்தான் அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டுக்காரர், பதிப்பு, விருந்தாளி என்று எழுதினேன். இங்கிலீசு எழுத்தைத் திரையில் பார்த்து அதன் வடிவத்தை அப்படியே வரைந்தேன். நம்பர் துண்டுகளை நானே வெட்டி ஒட்டினேன். எங்கே ஒட்டினேன் என்பதுதான் இந்தக் கதை. திரையின் மேல் ஒட்டினேன். பெரட்டில் முகத்தைப் பார்த்துத்தானே பேர் கூப்பிடுவார்கள், முதுகைப் பார்த்தா கூப்பிடுவார்கள். கணினிக்குத் திரைதான் முகம் என்று நினைத்துவிட்டேன். மிஸ்ஸும் அதைத் தினம் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் வருஷம் எங்கள் அறையிலேயே பரீட்சை நடத்த அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் பிள்ளைகள் கண்டிக்குப் போய்த்தான் எழுத வேண்டியிருந்தது. முதல் நாளே போய்த் தங்க இடமில்லாமல் பாதிப் பேர் பரீட்சையையே விட்டுவிடுவார்கள். இந்த முறை பதினொரு பேர் எழுத இருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். பதினொரு பேருக்குப் பதினொரு கணினி, அதற்கு மேலே பழுதானால் மாற்றிக்கொள்ள ஒன்று, ஆகப் பன்னிரண்டும் ஓட வேண்டும். ஒன்று குறைந்தாலும் பரீட்சை அதிகாரி திரும்பிப் போய்விடுவார். பிள்ளைகள் அடுத்த வருஷம்தான் எழுதலாம். அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது என்பது எனக்குத் தெரியும். எங்கள் லயத்து வரிசை வீட்டுத் தேவிகாவுக்கு இல்லை. இந்தச் சான்றிதழ் வராவிட்டால் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புவதாக அவள் அம்மா பேசி முடித்திருந்தாள்.

பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் கூரைத் தகரம் ஒழுகி மேசையெல்லாம் தண்ணீர். திரைகளைத் தூக்கி உலர்ந்த மூலையில் அடுக்கினோம். திரையோடு இணைந்த கணினிப் பெட்டிகள் பாரம், மேசைக்குக் கீழே இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை லயத்து வீடுகளில் இரவல் வாங்கி ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டினோம். தகரம் மாற்றிய பிறகு திரைகளைத் திரும்ப வைத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் வைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் அவை வரிசையாக இருக்கவில்லை, இடையிடையே மாறி இருந்தன. அது எனக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை. வரிசையாக வைத்தது அழகாக இருந்தது.

பரீட்சைக்கென்று தனியாக விருந்தாளிச் சிஸ்டம் அனுப்பியிருந்தார்கள், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. மிஸ் தன் அப்பாவின் திவசத்துக்கு யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. கொப்பியில் உள்ளபடி ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். நானும் தேவிகாவும் ஏற்றினோம். வெள்ளிக்கிழமை, பரீட்சைக்கு முதல் நாள் காலை, பன்னிரண்டையும் போட்டுப் பார்த்தோம். பத்து திறந்தது. ஆறாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிட்டன.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் இருந்தார். விட்டு விட்டுத்தான் கேட்டது. கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கோ, கொப்பியில் இருக்கிற மாதிரியே செய்யுங்கோ என்று மட்டும் விளங்கியது. பிறகு வெட்டுப்பட்டுவிட்டது.

தேவிகா கொப்பியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நோட்டுல ஆறுக்கு ஏழாம் பதிப்புன்னு இருக்கு. இதுல அஞ்சுதான் கெடக்கு. ஒம்பதும் அப்புடித்தான். யாரோ மாத்த மறந்துட்டாங்க. அஞ்ச எடுத்துட்டு ஏழப் போட்டா சரியாயிரும்."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் என் காதில் வேறொன்று விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டி இரைந்தது. மூன்று வருஷம் அந்தப் பன்னிரண்டையும் தினம் தூசி தட்டியவள் நான். புதுசு எட்டும் சத்தமே போடாது. பழசு நாலும், உள்ளே இருக்கிற காற்றாடி தேய்ந்து, ஏற்றத்தில் வருகிற லொறி மாதிரி முனகும். ஆறாம் நம்பர் புதுசு என்று கொப்பி சொல்கிறது, இது ஏன் முனகுகிறது என்று நினைத்தேன்.

நினைத்தேன், சொல்லவில்லை. கொப்பி மிஸ் சரிபார்த்த கொப்பி. மிஸ்ஸே அதன்படி செய்யச் சொல்லிவிட்டார். தேவிகா உயர்தரம் படித்த பிள்ளை. ஒரு முனகல் சத்தத்தை வைத்துக்கொண்டு அஞ்சாம் வகுப்புக்காரி என்ன சொல்வது. தோட்டத்தில் ஐம்பது வயதுவரை மேலே இருந்து வந்த சொல்லுக்குச் சரிங்க என்று மட்டுமே சொல்லிப் பழகிய நாக்கு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

ஐந்தாம் பதிப்பு போய்விட்டது. ஏழாம் பதிப்பு முக்கால்வாசி ஏறிவிட்டு, இந்தச் சிஸ்டத்தில் ஓடாது என்று எழுதிக் காட்டி நின்றுவிட்டது. இப்போது உள்ளே ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. ஐந்தாம் பதிப்பை மறுபடி ஏற்றுகிற பைல் மிஸ்ஸுடைய பென் டிரைவில் இருந்தது. மழைக்கு எங்கள் பக்கம் இன்டர்நெட்டும் விழுந்து கிடந்தது.

தேவிகாவின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் அவள் கை நிற்கவில்லை. பைல் கெட்டுப்போயிருக்கும், ஒன்பதாம் நம்பரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த கதிரைக்குப் போய்விட்டாள். ஒன்பதும் முனகியது.

வாய் வரவில்லை. நான் போய்க் கீபோர்டின் மேல் என் கையை வைத்துவிட்டேன். எல்லா எழுத்தும் ஒன்றாக அழுந்தி அது கீச்சிட்டது.

"வேணாம் தேவிகா. இது பழசு."

"நோட்டுல புதுசுன்னு இருக்கே பெரியம்மா."

"நோட்டு சொல்றது வேற பெட்டிய. சத்தத்தக் கேளு."

அவள் குனிந்து கேட்டாள். பக்கத்துப் பெட்டியிலும் காதை வைத்தாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து படங்குகளை அவிழ்த்தோம். பெட்டியின் பின்பக்கத்தில் அது எந்தக் கணினி என்று சின்ன எழுத்தில் இருந்ததை அவள் வாசிக்க வாசிக்க, நான் கொப்பியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறாம் நம்பர் திரைக்குக் கீழே இருந்தது பழைய பெட்டி. ஒன்பதுக்குக் கீழேயும் பழசு. புதிய பெட்டிகள் இரண்டு பழைய நம்பர்களுக்குக் கீழே இருந்தன. அவை சின்ன விருந்தாளியைச் சிரமமில்லாமல் தாங்கிக்கொண்டதால் காட்டிக்கொடுக்கவில்லை. முகம் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. நான் முகத்துக்குப் பேர் வைத்திருந்தேன்.

தேவிகாவிடம் இருந்த சிவப்பு நெயில் பாலிஷால் அன்றைக்கே நம்பர்களைப் பெட்டியின் உடம்பிலேயே எழுதி, கொப்பியையும் அதற்கேற்பத் திருத்தினோம். ஒன்பதில் இருந்த பெரிய விருந்தாளியை எடுத்துவிட்டுச் சின்னதை ஏற்றினோம். திறந்தது. ஆறு மட்டும் அப்படியே செத்துக் கிடந்தது. பதினொன்று ஓடுகிறது, வேண்டியது பன்னிரண்டு.

வருகிற வழியில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டதால் மிஸ் கண்டியிலேயே தங்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு, பத்து மணிப் பரீட்சைக்கு இருபது நிமிஷம் இருக்கும்போதுதான் ஓடி வந்தார். அதற்குள் பரீட்சை அதிகாரி வந்து அறையைப் பொறுப்பெடுத்துவிட்டார். சிங்கள மனிதர், அமைதியானவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். அவர் வந்த பிறகு படிப்பித்த ஆசிரியர் உள்ளே வரக் கூடாது, எழுதுகிற பிள்ளைகளும் பேர் கூப்பிடும்வரை வரக் கூடாது. கரண்ட், கதவு பார்க்கிற ஆள் ஒருவர் மட்டும் இருக்கலாம். அது நான்.

வாசலில் நின்று மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். என்மேல்தான் பிழை என்றும் சொன்னேன். அவர் பென் டிரைவை என் கையில் வைத்தார்.

"நேற்று அந்தச் சத்தம் கேட்டதும் ஏன் அக்கா சொல்லேல்ல?"

"சொல்லத் தோணல மிஸ். நோட்டுல அப்புடி இருந்துச்சு."

"இனிச் சொல்லுங்கோ." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "நான் உள்ள வரேலாது. நீங்கள்தான் போடவேணும். நாப்பது தரம் பாத்தனீங்கள்தானே," என்றார்.

பார்த்திருக்கிறேன். போட்டதில்லை, கடைசி பட்டனை யாராவது பிள்ளைதான் அழுத்தும். அதிகாரியிடம் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: பதினொன்று ஓடுகிறது, ஒன்றை நேற்று நான் பழுதாக்கிவிட்டேன், இப்போது சரிசெய்ய வேண்டும். பழுதை மறைத்து, திரையை மட்டும் போட்டு வைத்துப் பன்னிரண்டு என்று காட்டியிருக்கலாம் என்று பிறகு ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படிச் செய்யலாம் என்று அப்போது எனக்குத் தோன்றாதது நல்லதாகப் போயிற்று. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்தரை வரை தருகிறேன் என்றார்.

பென் டிரைவைச் செருகினேன். கொப்பியை மடியில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்தேன். முக்காலில் நின்ற ஏழாம் பதிப்பின் மிச்சத்தை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. அதை எடுத்தேன். ஐந்தாம் பதிப்பின் பைலைத் தேடி நான் அம்புக்குறியைக் கொண்டுபோகும்போது அதிகாரி என் பின்னால் வந்து நின்றார்.

மற்றதில் அநேகமாக ஏழுதான் இருக்கிறதே, இதற்கு ஏன் ஐந்து என்று கேட்டார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஏழையே போடுங்கள் என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சரிங்க சேர் என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. வெளியே யன்னல் கம்பிக்கு அப்பால் பதினொரு பேரும் நின்றார்கள். தேவிகா நெயில் பாலிஷ் பட்ட விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சேர்," என்றேன். சிங்களத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு சிங்களத்தில் சொன்னேன்: இந்த வீட்டுக்காரர் பழைய ஆள். ஏழைத் தூக்கமாட்டார், நேற்று தூக்கவைத்துத்தான் விழுந்தார். நடுவில் இருக்கிறது ஐந்தா ஏழா என்று பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை. பிள்ளை வேலை செய்வது உள்ளே இருக்கிற விருந்தாளியில். அது பெரிய வீட்டில் பெரியது, சின்ன வீட்டில் சின்னது, இரண்டும் நீங்களே அனுப்பியது, பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். ஐந்து ஓடுகிற மற்ற மூன்று பெட்டிகளையும், அவற்றின் சிவப்பு நம்பரையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் போய், ஒரு பழையதையும் ஒரு புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தார். திரும்பி வந்து, ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போடுங்க அம்மா," என்றார் தமிழில்.

கடைசி பட்டனை நானே அழுத்தினேன். ஐந்து ஏறியது. அதற்குள்ளே சின்ன விருந்தாளியை ஏற்றினேன். திரை கறுத்தது, ரொம்ப நேரம் கறுப்பாகவே இருந்தது. பழசு அப்படித்தான், அவசரப்படுத்தக் கூடாது. பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நிற்காதவரை பயமில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அதனால் அவர் என்னைவிட அதிகமாகப் பயந்தார். பத்து இருபத்தைந்துக்குத் திறந்தது. அவர் எழுந்து போய் வாசலில் நின்று பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

பரீட்சை தொடங்கி ஒரு மணித்தியாலம் போயிருக்கும். நாலாம் வரிசையில் தேவிகாவின் கணினி அணைந்துவிட்டது. புதிய பெட்டிதான். மழை ஈரமோ என்னமோ, திரும்ப வரவில்லை. அவள் கையைத் தூக்கினாள். அதிகாரி அவளை ஆறாம் நம்பருக்கு மாற்றி, போன நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார். உட்காரும்போது அவள் என்னைப் பார்த்தாள். பேசக் கூடாது. கதிரையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு அவள் தட்டத் தொடங்கினாள், அதுவும் அவளோடு சேர்ந்து முனகத் தொடங்கியது. அவள் கடைசி வினாவை முடித்துக் கையை எடுக்கும்வரை நான் கதவடியில் இருந்து நகரவில்லை.

பிள்ளைகளே, கொப்பியை நம்புங்கள். அது பொய் சொல்லாது. ஆனால் அது எந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் பெட்டியிடமே கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததும் எழுதியிருப்பதும் வேறு வேறாக இருந்தால், உங்களைவிடப் படித்தவர் பக்கத்தில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். வாய் வராவிட்டால் கையையாவது கீபோர்டில் வையுங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சனிக்கிழமை அத்தனை வார்த்தை பேசியிருக்கத் தேவையில்லை.

அன்றைக்கு அதிகாரி விடைகள் பதிந்த சீடிகளை எண்ணி உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வைத்த பிறகுதான் கதவைத் திறந்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மிஸ் காலையில் நின்ற அதே இடத்தில், பஸ்ஸில் நனைந்த சேலை உடம்பிலேயே காய்ந்து போய் நின்றார்.

"எல்லாம் சரியோ அக்கா?"

பென் டிரைவை அவர் கையில் திருப்பி வைத்தேன்.

"பதினொன்னும் உறைக்குள்ள போயிருச்சு மிஸ்," என்றேன்.